கோடை வரட்சியில் வீட்டு வளவும் தோட்டமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 1,250 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. இஃது அற்பமான அளவன்று. ஆயினும் அதன் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களிலேயே பெய்து முடிந்துவிடுகின்றது. சித்திரையில் இரண்டொரு மழை கிடைப்பினும், வைகாசியிற் சோளகக் காற்று எழுந்தபின் புரட்டாதி வரை வானத்தை நம்புவதற்கில்லை. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு குடாநாட்டில் இல்லை. வழுக்கியாறு மாரியில் மட்டுமே ஓடுவது. ஆகவே வளவில் நிற்கும் மரமும், தோட்டத்துப் பயிரும், கட்டிநிற்கும் மாடும், வீட்டிலுள்ளோரும் இம்மாதங்களைக் கடப்பது கிணற்றைக் கொண்டேயாம்.

மாரி குறைந்த ஆண்டில் இந்நிலை மேலும் கடினமாகும். 2016 ஆம் ஆண்டு வடகீழ்ப் பருவமழை குறைந்ததன் விளைவை 2017 இல் இலங்கையின் பல மாவட்டங்களும் கண்டன. அத்தகைய ஆண்டுகளிற் கமக்காரர் மனத்தில் முதலில் எழும் எண்ணம், இன்னும் கூடுதலாக இறைக்க வேண்டும் என்பதேயாம். இவ்வெண்ணமே பல வளவுகளைக் கெடுத்திருக்கின்றது. அதன் காரணத்தை அறிதற்குக் கிணற்றின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும்.

கிணற்றின் இயல்பு

குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மாரிமழை அதன் வெடிப்புகளினூடாக இறங்கி, அடியிலுள்ள கடல்நீரின்மேல் ஒரு படையாக மிதந்து நிற்கின்றது. கடல்நீர் நன்னீரினும் சிறிதே பாரமானது. அச்சிறு வேறுபாடே இரண்டையும் பிரித்து வைத்திருக்கின்றது. புத்தூரிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேல்நீர் நன்னீராகவும் ஆழத்து நீர் உவராகவும் இருப்பதைப் பலரும் அறிவர். கடல் மட்டத்திற்கு மேல் நன்னீர் 1 அடி உயரம் நிற்குமாயின், அம்மட்டத்திற்குக் கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்திற்கு நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. இக்கணக்கு மறுபுறமும் செல்லும். இடைவிடாது இறைத்து மேல்மட்டத்தை 1 அடி தாழ்த்தினால், கீழிருந்து உவர்நீர் காலப்போக்கில் 40 அடி வரை ஏறுதற்கு இடமுண்டு. ஏறிய உவர் ஒரு மழையில் இறங்குவதில்லை. சில கிணறுகளில் அஃது ஆண்டுக்கணக்கில் நிற்கும்.

துலாவும் பட்டையும் கொண்டு இறைத்த காலத்தில் மனிதரின் களைப்பே கிணற்றுக்குக் காவலாய் இருந்தது. நீரிறைக்கும் இயந்திரத்திற்குக் களைப்பு இல்லை. ஆதலால் வரட்சிக் காலத்தில் இயந்திரத்தை ஒரே தொடர்ச்சியாக ஓடவிடாது, காலையிற் சிறிது நேரமும் மாலையிற் சிறிது நேரமுமாகப் பிரித்து இறைத்தல் வேண்டும். இடையில் ஊற்று நிரம்புதற்கு நேரம் விடுக. உறிஞ்சு குழாயின் நுனி கிணற்றின் அடியைத் தொடாது, நீரின் மேற்பகுதியில் நிற்றல் நன்று. நீர் குறைந்ததென்று கல்லை உடைத்துக் கிணற்றை ஆழமாக்குதல் குடாநாட்டில், சிறப்பாகக் கரையோரக் கிராமங்களிலும் தீவுகளிலும், ஆபத்தான வேலை. நன்னீரைத் தேடிக் குடைந்து உவரைக் கண்டபின் அதனை மீண்டும் மூடிவிட இயலாது.

நீர் உவராகி வருவதை நாக்கு அறிவதற்கு முன்னரே பயிர் அறிவிக்கும். போஞ்சியும் வெங்காயமும் முதலில் வருந்தும். அவற்றின் இலைநுனி கருகுவதைக் காணலாம். அடுத்து மிளகாய். பீற்றூட்டும் தென்னையும் ஓரளவு தாங்கும். இலை கருகக் கண்டவுடன் விவசாயப் போதனாசிரியரிடம் கூறி, நீரின் மின்கடத்துதிறனை அளவிடுவித்தல் வேண்டும். சிறிது உவரான நீரைப் பயன்படுத்த நேரின், இலையின்மேல் தெளியாது வேரடியில் மட்டும் விடுக.

எவ்வளவு நீர் வேண்டும்

சோளகம் வீசும் மாதங்களில், பயிர் மூடிய நிலத்திலிருந்து நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றருக்குக் குறையாத நீர் ஆவியாகப் போகின்றது. ஒரு சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் என்பது 1 லீற்றர். 16 பரப்பு ஓர் ஏக்கர் எனக் கொள்ளின், ஒரு பரப்பாகிய 10 பேர்ச்சுத் தோட்டத்திற்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,250 லீற்றர் நீர் வேண்டியதாகும். நாலு பரப்புக்கு 5,000 லீற்றர். தமது கிணறு இதனைப் புரட்டாதி வரை தருமா என்பதை ஒவ்வொருவரும் வைகாசியிலேயே எண்ணிப் பார்த்தல் வேண்டும். தராதெனின், ஆடியில் நாலு பரப்பையும் வாடவிடுவதினும், வைகாசியில் இரண்டு பரப்பைக் கைவிட்டு மற்றிரண்டையும் காத்தல் அறிவுடைமை. பாதி வளர்ந்த பயிரைக் கைவிட எவருக்கும் மனம் வராது. எனவே இத்தீர்மானத்தை நடுகைக்கு முன்னரே செய்தல் வேண்டும்.

நீரைப் பங்கிடும் ஒழுங்கு பின்வருமாறு அமையலாம். குடிநீரும் வீட்டு நீரும் முதலாவது. அடுத்தது மாடு, ஆடு, கோழி. கறவைப் பசுவொன்று நாளொன்றுக்கு 30 முதல் 50 லீற்றர் வரை குடிக்கும். அதன்பின் மூன்று வயதுக்கு உட்பட்ட கன்றுகள். பின்னரே காய்க்கும் மரங்கள். காய்கறிப் பாத்திகள் இறுதியில் நிற்கட்டும். கத்தரி போனால் அடுத்த போகத்தில் மீண்டும் நடலாம். ஐந்து ஆண்டு வளர்த்த பலாவை அவ்வாறு மீட்க முடியாது.

மண்ணை மூடுதல்

வெறும் மண்ணில் விட்ட நீரிற் பெரும்பங்கு வேருக்குச் செல்லாது வெயிலுக்கே செல்கின்றது. இதனைத் தடுப்பதற்குப் பத்திரக்கலவை இடுதலினும் மலிவான வழி இல்லை. கிளிசரியா, பூவரசு, வேம்பு ஆகியவற்றின் குழை, வாழைச் சருகு, வைக்கோல், பழைய கிடுகு, வேலி பிரித்த பனையோலை யாவும் இதற்கு உதவும். 3 அல்லது 4 அங்குல கனத்திற்குக் குறையாமற் பரப்புதல் வேண்டும். மெல்லியதாகத் தூவினாற் காற்றோடு போய்விடும். மரத்தின் அடியை ஒட்டிப் போடலாகாது. ஒரு சாண் இடைவெளி விடாவிடிற் கறையான் பட்டையில் ஏறும்.

காலையில் வளவு முழுவதையும் கூட்டிச் சருகை எரிப்பது நம்மூர் வழக்கம். முற்றம் துப்புரவாக இருத்தல் முறையே. பாம்பும் தேளும் சருகில் ஒதுங்குமாதலால் வீட்டைச் சுற்றி 10 அடிக்குள் சருகு இராதிருத்தல் நன்று. ஆனால் அதற்கப்பாலும் கூட்டி எரித்தல், மண்ணின் போர்வையையும் பசளையையும் ஒருங்கே நெருப்பிலிடுவதாகும். கூட்டிய சருகை எலுமிச்சையடியிலும் தென்னையடியிலும் சேர்த்தால் நெருப்பு மூட்டும் வேலையும் மிஞ்சும்.

தென்னைக்குப் பொச்சு மட்டை சிறந்தது. அடிமரத்திலிருந்து 6 அடி சுற்றளவில் மட்டைகளைக் குழிந்த பக்கம் நிலத்தை நோக்கும்படி அடுக்குக. மண்ணிற் புதைப்பதாயின் குழிந்த பக்கம் மேல்நோக்கி இருத்தல் வேண்டும். அப்பொழுதே நீரை ஏந்தி வைத்திருக்கும். தென்னையின் வரட்சி நட்டம் உடனே தெரிவதில்லை என்பதையும் நினைவிற் கொள்க. பாளை விரிந்து தேங்காய் முற்றுவதற்கு 11 முதல் 12 மாதங்கள் செல்லும். இவ்வாண்டு குலைகள் நிறைந்திருப்பதைக் கண்டு மரத்திற்குக் குறைவில்லை என்று இருப்பவர், அடுத்த ஆண்டில் வெறுங்குலையைக் காண்பர்.

காற்றும் வேலியும்

வெயிலைப் போலவே சோளகமும் மண்ணை உலர்த்துகின்றது. வாழையிலையைக் கிழிப்பதும் அதுவே. உயிர்வேலி காற்றை முற்றாக மறிக்காது வடித்து விடுவதால், தன் உயரத்தைப் போற் பத்து மடங்கு தூரம் வரை ஓரளவு காப்புத் தரும். 6 அடி உயரக் கிளுவை வேலிக்கு உட்புறம் 60 அடி வரை அதன் பயன் தெரியும். ஆதலால் பத்திரக்கலவைக்குக் குழை வெட்டுவோர் வடக்கு, கிழக்கு வேலிகளில் வெட்டுக. தெற்கு, மேற்கு வேலிகளை ஆவணி முடியும் வரை தொடாதிருத்தல் நன்று. வேலியை நீக்கி மதில் கட்டிய வளவுகளுக்கு இவ்வசதி இல்லை. மதிலிற் குழையும் கிடையாது. அதன்மேல் ஏறிய காற்று உட்புறத்திற் சுழன்று விழும். அத்தகைய வளவில் மதிலோரமாகக் கிளிசரியாக் கதியால்களை மாரியில் நாட்டிக்கொள்ளலாம்.

நீர் விடும் முறை

இளங்கன்றுக்கு நாள்தோறும் ஒரு செம்பு நீர் விடுதலினும், நாலு நாளுக்கொருமுறை இரண்டு வாளி விடுதல் மேல். மேல்மண் மட்டும் நனையின் வேரும் மேலேயே படர்ந்து, ஒருநாள் நீர் தவறினும் வாடிப்போகும். நீர் எவ்வளவு ஆழம் சென்றதென அறிய, விட்டு ஒரு மணித்தியாலத்தின் பின் மெல்லிய இரும்புக் கம்பியொன்றைக் கையால் அமுக்கிப் பார்க்கலாம். நனைந்த மட்டும் அஃது இலேசாக இறங்கும். உலர்ந்த மண்ணில் நின்றுவிடும். கன்றுக்கு ஓரடி ஆழமேனும் நனைதல் வேண்டும். வளர்ந்த மரத்திற்கு அடிமரத்தில் விடாது, கிளை நிழலின் ஓரத்திற் பாத்தி கட்டி விடுக. அதிகாலையும் மாலையுமே நீர் விடுதற்கு உரிய நேரம்.

எலுமிச்சை, தோடை, மாங்கன்று ஆகியவற்றுக்கு மண்முட்டி புதைத்தல் மிக நல்ல முறை. பூச்சுப் பூசாத முட்டியொன்றைக் கன்றிலிருந்து ஒன்றரை அடி தள்ளிக் கழுத்தளவு புதைத்து நீர் நிரப்பினால், அது சிறிது சிறிதாகக் கசிந்து வேருக்கே செல்லும். வாயைச் சிரட்டையால் இறுக மூடுதல் கட்டாயம். திறந்த முட்டி நுளம்பு பெருகுமிடமாகும். வரட்சியில் நீர் சேமிக்கும் பீப்பாய்க்கும் தொட்டிக்கும் இதுவே விதி. டெங்கு நோய் மழைக்காலத்தில் மட்டும் வருவதன்று.

குளித்த நீரையும் பாத்திரம் கழுவிய நீரையும் வாழைக்கும் கமுகுக்கும் திருப்புக. கீரைப் பாத்திக்கு அவற்றை விடலாகாது. அவ்வாய்க்கால் கிணற்றைவிட்டு அகன்று செல்லுமாறு வெட்டுதல் வேண்டும். வாழையில் ஒரு மரத்திற்கு ஒரு குட்டியை மட்டும் விட்டு ஏனையவற்றை அகற்றுக. முருங்கைக்கும் மாதுளைக்கும் கூடிய நீர் வேண்டியதில்லை. வளர்ந்த மாமரத்திற்குப் பூப்பதற்கு முன் நீர் விடின் பூவுக்குப் பதிலாகத் துளிரே வரும்.

வாடிய பயிரைத் தேற்றுவதற்கென்று யூரியா இடுதல் கூடாது. உலர்ந்த மண்ணில் அது வேரைச் சுடும். மிஞ்சியது நீரோடு இறங்கிச் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்பு வழியே கிணற்றைச் சேரும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படின், புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு அது தீங்கானது. குடாநாட்டுத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் இவ்வளவு மீறியிருப்பது ஆய்வுகளிற் காணப்பட்டுள்ளது. பசளை மழை வரும்வரை பொறுத்திருக்கட்டும்.

மாடுகளுக்குப் புல் அற்றபோது பனையோலையைச் சிறிதாகக் கிழித்துக் கொடுத்தல் குடாநாட்டார் நெடுங்காலம் அறிந்த வழி. கிளிசரியா, பூவரசுக் குழைகளையும் சேர்க்கலாம்.

ஆவணியில் வேலை குறைந்திருக்கும்பொழுது, வளவின் வரம்புகளை உயர்த்தி, மரங்களுக்கிடையே சிறு குழிகள் வெட்டி, அவற்றைச் சருகால் நிரப்பி வைத்தல் வேண்டும். கூரைநீர் வீதிக்கு ஓடாதபடி பீலி பொருத்தி, கல்லும் மணலும் இட்ட குழியொன்றுக்கு அதனைச் செலுத்துக. அக்குழி மலசலகூடக் குழியிலிருந்தும் மாட்டுக் கொட்டிலிலிருந்தும் விலகியிருத்தல் வேண்டும். முதல் மழையிற் கூரைத் தூசி கழுவிப் போகும்வரை பீலியை வெளியே திருப்பி விட்டு, இரண்டாம் மழையிலிருந்து குழிக்குத் திருப்பினாற் போதும்.