மோங்கே கான் ஏற முடியாத மலை: தியாவ்யூசெங் கோட்டைக்கு ஒரு நாள் பயணம் – முழுமையான வழிகாட்டி

சோங்சிங் நகரத்துக்குப் போகிறவர்கள் குடியிருப்புக் கட்டடத்துக்குள் புகுந்து போகும் மெட்ரோவைப் படம் பிடிப்பார்கள், ஆற்றங்கரை விளக்குகளைப் பார்ப்பார்கள், நாக்கு எரிய ஹாட்பாட் சாப்பிடுவார்கள். பயணத்தில் ஒரு நாள் மீதமிருந்தால் அதை வடக்கே இருக்கும் ஹெச்சுவானுக்குக் கொடுங்கள். அங்கே ஜியாலிங் ஆற்றின் கரையில் நிற்கிறது தியாவ்யூசெங். மங்கோலியப் பேரரசன் ஒருவன் முற்றுகையிட வந்து, ஊர் திரும்பாமலே இறந்துபோனது இந்த மலையின் முன்னால்தான்.

முன்பே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெய்ஜிங் பக்கத்துப் பெருஞ்சுவர் போலப் பார்த்த உடனே வாய் பிளக்க வைக்கும் இடமல்ல இது. கதை தெரியாமல் ஏறினால் மரங்கள், பாறைகள், சில வாசல்கள், அவ்வளவுதான். தெரிந்துகொண்டு ஏறினால் ஒவ்வொரு திருப்பமும் பேசும்.

படி 1: மாதமும் விசாவும்

மார்ச் கடைசி முதல் மே வரை, அல்லது அக்டோபர், நவம்பர். ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். சோங்சிங்கை சீனர்களே அடுப்பு நகரம் என்கிறார்கள்; வெயில் 40 டிகிரியைத் தொடும், புழுக்கம் அதற்கு மேல். குளிர்காலத்தில் மூடுபனி ஆற்றை மறைத்துவிடும். ஆறு தெரியாவிட்டால் இந்தக் கோட்டை புரியாது. அக்டோபர் முதல் வாரம் தேசிய விடுமுறை, அப்போது ரயிலில் இடம் கிடைப்பதே பெரிய பாடு.

இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்கள் விசா எடுத்தாக வேண்டும். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு இருந்தால் 30 நாள்வரை விசா தேவையில்லை. கிளம்புமுன் அன்றைய விதியைத் தூதரகத் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியை மட்டும் தாண்டாதீர்கள்.

1240களில் சிச்சுவான் பகுதி மங்கோலியர்களின் அடியில் நொறுங்கிக் கிடந்தது. அதைக் காப்பாற்ற, அன்று தெற்குச் சீனாவை ஆண்ட சோங் அரசு அனுப்பிய ஆளுநர் யூ ஜியே, யோசனை உள்ளவர் யாரானாலும் வரலாம் என்று ஒரு மண்டபத்தைத் திறந்து வைத்தார். ரான் ஜின், ரான் பூ என்று இரண்டு சகோதரர்கள் வந்தார்கள். வந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், ஒன்றும் பேசவில்லை. சந்தேகப்பட்ட ஆளுநர் ஆள்விட்டுப் பார்த்தால், இருவரும் எதிரெதிரே குந்தி உட்கார்ந்து, தரையில் மலையும் ஆறும் வரைவதும் காலால் அழிப்பதுமாக இருக்கிறார்கள். பிறகுதான் வாயைத் திறந்தார்கள்: சமவெளி நகரத்தை விடுங்கள், ஹெச்சுவான் ஊரையே தியாவ்யூ மலைக்கு மாற்றுங்கள். 1243இல் கோட்டை எழுந்தது. இதே முறையில் சிச்சுவான் முழுக்க ஆற்றோர மலைகளில் கோட்டைகள் வந்தன.

1259இல் செங்கிஸ்கானின் பேரன் மோங்கே கான் தானே படையோடு வந்தான். உள்ளே தளபதி வாங் ஜியான். மாதக்கணக்கில் மோதியும் கோட்டை விழவில்லை. மங்கோலியர்களின் முன்னணித் தளபதி ஒருவன் சுவரருகே போய், சரணடையுங்கள் என்று கத்தும்போது கல்லடி பட்டு இறந்தான். கோடையில் படைக்குள் நோய் புகுந்தது. ஆகஸ்டில் மோங்கேயும் போனான். காரணம் நோய் என்கிறது பாரசீக வரலாறு; கல்வீச்சில் பட்ட காயம் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். எனக்கு நோய்தான் நம்பும்படி இருக்கிறது. ஆனால் மலைமேல் நின்று அதைச் சொன்னால் யாருக்கும் பிடிக்காது.

அடுத்த பேரரசன் யார் என்ற சண்டைக்காக மோங்கேயின் தம்பி குப்லாய் தெற்கே நடந்த முற்றுகையை விட்டுத் திரும்பினான். சிரியாவில் இருந்த இன்னொரு தம்பி ஹுலாகு பெரும்படையோடு பின்வாங்கினான். அங்கே விட்டுவந்த சிறுபடை 1260இல் அயின் ஜாலுத்தில் எகிப்தின் மம்லூக்குகளிடம் தோற்றது. கோட்டையோ 1279 வரை, மொத்தம் 36 ஆண்டுகள் நின்றது.

படி 3: ரயில்

சோங்சிங் வடக்கு நிலையத்திலிருந்து ஹெச்சுவானுக்கு அதிவேக ரயில். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் இறக்கிவிடும். சீன ரயில்வேயின் 12306 செயலியில் கடவுச்சீட்டு எண் கொடுத்துப் பதிவு செய்யலாம். அசல் கடவுச்சீட்டு கையில் இல்லாமல் நிலையத்துக்குப் போகாதீர்கள், உள்ளே விடமாட்டார்கள்.

புதிதாக வருபவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. சோங்சிங் வடக்கு நிலையத்துக்குத் தெற்கு, வடக்கு என்று இரண்டு வளாகங்கள். ஒன்றிலிருந்து மற்றதற்குச் சட்டென்று நடந்து போய்விட முடியாது, மெட்ரோ 10ஆம் தடத்தில் போக வேண்டும். எந்த வளாகம் என்று முந்தின இரவே பார்த்துவிடுங்கள்.

படி 4: நிலையத்திலிருந்து மலைக்கு

டாக்சி எடுங்கள். கோட்டையின் பெயரைச் சீன எழுத்தில் செல்பேசியில் படமாக வைத்துக்கொண்டு ஓட்டுநரிடம் காட்டினால் போதும். ஆங்கிலம் எதிர்பார்க்காதீர்கள். பணத்துக்கு அலிபே அல்லது வீசாட். இரண்டிலும் வெளிநாட்டு அட்டையை ஊரிலிருந்தே இணைத்துவிட்டு வாருங்கள். கூகுள் மேப் அங்கே கைகொடுக்காது, காவ்தே வரைபடத்தை ஏற்றிக்கொள்ளுங்கள்.

படி 5: மலைமேல்

மலை ஆற்றிலிருந்து சுமார் 200 மீட்டர்தான் உயரம். ஆனால் ஜியாலிங் மூன்று பக்கம் வளைத்துக்கொண்டு ஓடுகிறது, விளிம்பெல்லாம் செங்குத்துப் பாறை. உச்சியில் மட்டும் தட்டையான நிலம். குளம், கிணறு, வயல் எல்லாம் அதில். பசி, தாகத்தால் கோட்டைக்காரர்களைப் பணிய வைக்க முடியாது. உள்ளிருந்தவர்கள் பெரிய மீன்களையும் நூற்றுக்கும் மேற்பட்ட ரொட்டிகளையும் கீழே இருந்த மங்கோலியர்களிடம் எறிந்து, இன்னும் பத்து ஆண்டு நின்றாலும் உங்களால் முடியாது என்று எழுதி அனுப்பிய கதை இங்கே எல்லோருக்கும் தெரியும்.

முதலில் தெற்குப் பக்கம் ஹூகுவோ வாசல். ஒரு புறம் பாறை, மறுபுறம் ஆற்றை நோக்கிய சரிவு. வாசலுக்கு வெளியே நின்று ஏணியோடு மேலே ஏறுவதாக நினைத்துப் பாருங்கள். இப்போதுள்ள மேல்கட்டு பிற்காலத்தது. வழியின் குறுகல்தான் பழையது.

அடுத்து மீன்பிடி மேடை என்ற தட்டைப் பாறை, மலைக்குப் பெயர் தந்த இடம். பக்கத்திலேயே பாறையில் செதுக்கிய 11 மீட்டர் சயன புத்தர், கோட்டையைவிடப் பல நூற்றாண்டு மூத்தவர்.

பிறகு தியாகிகள் கோயில். இங்கே அவசரப்படாதீர்கள். கடைசித் தளபதி வாங் லீ 1279இல், மக்களைக் கொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடு கோட்டையை ஒப்படைத்தவர். குப்லாய் தரப்பு வாக்கைக் காப்பாற்றியது. இவருக்கும் இந்தக் கோயிலில் பெயர்ப்பலகை வைக்கலாமா என்பதில் சிங் காலத்து அதிகாரிகளுக்குள் ஒத்த கருத்தில்லை. ஒருவர் வைத்தார், பின்னால் வந்தவர் எடுத்துவிட்டார். உங்கள் தீர்ப்பு என்ன என்று உடன் வந்தவரிடம் கேளுங்கள், இறங்கும்வரை பேச்சு ஓடும்.

கால் ஒத்துழைத்தால் ஃபான்ஜியாயான் அகழாய்வுப் பக்கம் போங்கள். கோட்டைக்காலத்து அரசு அலுவலகம் புதைந்து கிடந்த இடம். 2018இன் சீனத் தொல்லியலின் பத்துப் பெரும் கண்டுபிடிப்புகளில் ஒன்றாகத் தேர்வானது.

எல்லாவற்றுக்கும் நான்கு மணி நேரம் வையுங்கள். படிகள் பாசி பிடித்தவை, மழை பெய்தால் வழுக்கும், செருப்பு வேண்டாம்.

படி 6: சாப்பாடு

மலைமேல் பெரிதாக நம்பாதீர்கள், தண்ணீரும் பழமும் பையில் இருக்கட்டும். ஊருக்குள் கார நூடுல்ஸ் எங்கும் கிடைக்கும். சைவம் என்றால் கவனம்: மேலே இறைச்சி இல்லாவிட்டாலும் பன்றிக் கொழுப்பு ஊற்றுவது வழக்கம். இறைச்சி, மீன், கொழுப்பு மூன்றும் வேண்டாம் என்று சீனத்தில் எழுதி வைத்துக் காட்டுங்கள்.

படி 7: திரும்பும்போது

மாலை ரயிலுக்கு முன்பே சீட்டு எடுத்திருங்கள். வார இறுதியில் நிலையத்தில் நின்று வாங்கலாம் என்று இருந்தால் கடைசி ரயிலுக்காகக் காத்திருக்க வேண்டிவரும். நேரமிருந்தால் ஹெச்சுவானின் தாவ்பியன் ஒரு பொட்டலம் வாங்குங்கள். பசையரிசி மாவு, சர்க்கரை, வால்நட் சேர்த்து, தாள் போல மெல்லியதாகச் சீவிய பண்டம். ஒவ்வோர் ஏடாகப் பிரித்துத் தின்ன வேண்டும். காரமும் உப்பும் கலந்த வகையும் உண்டு. நம் நாக்குக்கு அதுவே தேவலை.