ஒரே மேசை, இரண்டு விருந்தாளிகள்: கெர்னலில் 11 ஆண்டுகள் ஒளிந்திருந்த பிழை

"டீச்சர், வாட்ஸ்அப் செய்தி வந்ததும் கைப்பேசிக்குள்ளே முதலில் எங்கே போய் உட்காரும்?" என்று என் வகுப்பில் ஒரு மாணவி கேட்டார். நல்ல கேள்வி. இன்றைய பாடமே அதுதான்.

செய்தி நேராகச் செயலிக்குப் போவதில்லை. முதலில் அதைப் பெற்றுக்கொள்வது இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் இருப்பது லினக்ஸ் கெர்னல். 1991இல் பின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் அதை எழுதத் தொடங்கினார். இணையச் சேவையகங்கள் பலவற்றிலும் இதே கெர்னல்தான் ஓடுகிறது.

ஒரு செயலியில் பிழை வந்தால் அந்தச் செயலி மட்டும் மூடிக்கொள்ளும். கெர்னலில் பிழை வந்தால் கருவி முழுவதும் நின்றுவிடலாம். அல்லது அதன் முழுக் கட்டுப்பாடும் பிறர் கைக்குப் போய்விடலாம்.

நினைவகம் என்னும் உணவகம்

இணையத் தரவு சிறு சிறு பொட்டலங்களாக வருகிறது. ஈத்தர்நெட் வலையமைப்பில் ஒரு பொட்டலம் வழக்கமாக 1,500 பைட் வரை சுமக்கும். பொட்டலம் வரும்போதெல்லாம் கெர்னல் நினைவகத்தில் ஓர் இடத்தை ஒதுக்கும். வேலை முடிந்ததும் அந்த இடத்தை விடுவிக்கும்.

வாழையிலை உணவகம் ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். பொட்டலம்தான் விருந்தாளி, நினைவக இடம்தான் மேசை. இங்கே மூன்று வகைத் தவறுகள் நடக்கலாம்.

1. மேசை காலியாக இருக்கிறதா என்று பார்க்காமலேயே விருந்தாளியை உட்கார வைப்பது. நினைவகம் கிடைக்காதபோதும் கிடைத்ததாக நினைத்துக்கொண்டு நிரல் தொடர்ந்தால் கெர்னல் நிலைகுலையும்.

2. விருந்தாளி போன பிறகும் மேசையைத் துடைக்காமல் விடுவது. இதை நினைவகக் கசிவு என்பர். கொஞ்சங் கொஞ்சமாக எல்லா மேசைகளும் அடைபட்டுப் போகும்.

3. ஒருவர் கை கழுவப் போயிருக்கும்போதே அவருடைய இலையை எடுத்துவிட்டு, மேசையை வேறொருவருக்குக் கொடுப்பது. திரும்பி வந்தவர் தம் இலை என்று நினைத்து அடுத்தவர் இலையில் கை வைப்பார். மூன்றிலும் ஆபத்தானது இதுவே.

மூன்றாவது தவறைத் தடுக்கக் கெர்னலில் ஓர் எளிய ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு பொட்டலத்தோடும் ஓர் எண் இருக்கும். எத்தனை பகுதிகள் அதைப் பயன்படுத்துகின்றன என்பதே அந்த எண். புதிதாக ஒரு பகுதி பிடித்துக்கொண்டால் ஒன்று கூடும். விட்டுவிட்டால் ஒன்று குறையும். பூச்சியம் ஆனால்தான் இடம் விடுவிக்கப்பட வேண்டும்.

2017இல் அகப்பட்ட பிழை

லினக்ஸில் டி.சி.சி.பி. எனும் தரவுப் பரிமாற்ற நெறிமுறை 2005இல் சேர்க்கப்பட்டது. அதன் நிரலில் ஒரு சிக்கல் இருந்தது. இணைப்பு கேட்டு வரும் பொட்டலத்தை, சில அமைப்புகளில், பிறகு பயன்படுத்துவதற்காக ஒரு பகுதி எடுத்து வைத்துக்கொள்ளும். அப்போது எண் 1 என்பது 2 ஆகும். இதுவரை சரி. ஆனால், அடுத்து வரும் வரிகள் அந்த எண்ணைப் பார்க்காமலேயே பொட்டலத்தை வலுக்கட்டாயமாக விடுவித்தன. எடுத்து வைத்த பகுதிக்கு இது தெரியாது. பின்னர் அது தன் பங்குக்கு அதே இடத்தை மீண்டும் விடுவித்தது.

ஒரே இடம் இருமுறை விடுவிக்கப்பட்டால் என்ன? இடையில் அந்த இடத்தில் ஒருவர் தம் சொந்தத் தரவை வைத்துவிட முடியும். கெர்னல் அதைத் தன் தரவு என்று நம்பிச் செயல்படும். இப்படி, எந்தச் சிறப்பு அனுமதியும் இல்லாத ஒரு சாதாரணப் பயனர் கணினி முழுவதையும் கைப்பற்ற வழி பிறந்தது.

2017 பிப்ரவரியில் ஆய்வாளர் ஆந்திரே கோனோவாலோவ் இதை வெளிப்படுத்தினார். அவருக்கு உதவியது சிஸ்காலர் எனும் சோதனைக் கருவி. கெர்னலுக்கு விதவிதமான கட்டளைகளை ஓயாமல் அனுப்பி, எங்கே இடறுகிறது என்று அது பார்க்கும். மனிதர் நினைத்துப் பார்க்காத வரிசையிலும் அது முயன்று பார்க்கும்.

திருத்தம் எவ்வளவு பெரியது?

சில வரிகள்தாம்! வலுக்கட்டாயமாக விடுவிக்கும் வழியை நீக்கிவிட்டு, எண்ணைக் குறைத்துப் பார்த்து, பூச்சியமானால் மட்டும் விடுவிக்கும் கட்டளையை வைத்தனர். எண் 2 என்பது 1 ஆகும். பொட்டலம் பத்திரமாக இருக்கும். கடைசியாக விடுபவர் விடுவிப்பார்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இதே போன்ற திருத்தம், நாம் அன்றாடம் பயன்படுத்தும் டி.சி.பி. நெறிமுறையின் நிரலில் முன்பே செய்யப்பட்டிருந்தது. அதே பாணியில் எழுதப்பட்ட டி.சி.சி.பி. நிரலை அப்போது யாரும் திருத்தவில்லை. உங்கள் பயிற்சிப் புத்தகத்திலும் இது நடக்கும். மூன்றாம் கணக்கில் கழித்தல் குறியைத் திருத்துவீர்கள். ஏழாம் கணக்கில் அதே தவறு அப்படியே இருக்கும். ஒரு பிழையைக் கண்டால், அதன் உடன்பிறப்புகளையும் தேடுங்கள்.

செய்து பாருங்கள்

ஓர் அட்டையில் ஏதாவது ஒரு செய்தியை எழுதி மேசை மேல் வையுங்கள். அட்டையைப் பயன்படுத்தும் ஒவ்வொரு மாணவரும் வெண்பலகையில் உள்ள எண்ணை ஒன்று கூட்ட வேண்டும். முடித்ததும் ஒன்று குறைக்க வேண்டும். பூச்சியம் ஆனதும் அட்டையை அழித்துப் புதிய செய்தி எழுதலாம். பிறகு, ஒருவர் மட்டும் எண்ணைப் பார்க்காமல் அட்டையை அழிக்கட்டும். அடுத்து வருபவர் எதைப் படிக்கிறார் என்று கவனியுங்கள்.

சிந்தித்துப் பாருங்கள்

1. கூட்ட மறந்தால் எந்த வகைப் பிழை வரும்? குறைக்க மறந்தால்?

2. நினைவகக் கசிவு உள்ள கணினியை அணைத்துவிட்டு மீண்டும் இயக்கினால், அது சிறிது காலத்திற்கு நன்றாக ஓடுவது ஏன்?

விடைகளை உங்கள் அறிவியல் ஆசிரியருடன் கலந்து பேசுங்கள்.