ஸ்கேன் சரி, நினைவு சரியில்லை: யாரிடம் போவது?

நெல் மண்டியில் கணக்கு எழுதும் ஒருவர் பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார். காயம் ஆறிவிட்டது, ஸ்கேனும் சரியாக இருக்கிறது என்றார்கள். ஆனால் மூட்டை எண்ணும்போதே எண்ணிக்கை மறக்கிறது, சின்னதற்கெல்லாம் கோபம் வருகிறது. வேலைக்குப் போகச் சோம்பல் என்று வீட்டில் பேச்சு. எங்களிடம் அழைத்து வந்தபோது நாங்களும் புத்திமதி சொல்லித்தான் அனுப்பினோம். அது எங்கள் தவறு.

ஸ்கேன் காட்டுவது மூளையின் உருவத்தை. கவனமும் நினைவும் எப்படி வேலை செய்கின்றன என்பதைச் சோதிப்பவர் நியூரோசைக்காலஜிஸ்ட். ஊசி, மருந்து எதுவும் கிடையாது. சொற்களைச் சொல்லித் திரும்பக் கேட்பார், படம் வரையச் சொல்வார், கட்டைகளை அடுக்கச் சொல்வார். பல மணி நேரம் ஆகும். களைத்துப் போகிறவருக்கு இரண்டு மூன்று நாளாகப் பிரித்தும் நடத்துவார்கள்.

அந்தப் பெயர்ப் பலகையைத் தேடி அலைய வேண்டாம். நம் நாட்டில் இதைப் பெரும்பாலும் செய்பவர்கள் இதில் பயிற்சி பெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுகள்தான். இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள்; கேட்பதில் கூச்சம் வேண்டாம். கவுன்சலிங் மட்டும் படித்தவர் இந்தச் சோதனைக்கு உரியவர் அல்லர்.

முதலில் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நரம்பியல் அல்லது மனநல டாக்டரைப் பாருங்கள். சோதனை எங்கே நடக்கும் என்று அவரிடமே கேட்டு, பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். "மறதி" என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. மறுபடி கணக்கு வேலை பார்க்க முடியுமா, வண்டி ஓட்டலாமா என்று நமக்குத் தெரிய வேண்டியதை எழுதித் தரச் சொல்லுங்கள். விபத்து இழப்பீட்டு வழக்கு நடந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

வெளியூர் போக நேர்ந்தால் பெங்களூரில் நிம்ஹான்ஸ் இருக்கிறது. மைசூர் ரயில் கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகவே பெங்களூர் போகிறது. அங்கே 2004-இல் வெளியிட்ட சோதனைத் தொகுப்பில், பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் படித்தவர்களுக்கும் தனித்தனி அளவுகோல் உண்டு. இது சின்ன விஷயமில்லை. ஓதத் தெரிந்து, தமிழ் எழுத்துக் கூட்டத் தெரியாத உம்மாக்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். பட்டதாரிக்கு வைத்த அளவுகோலால் அவர்களை அளந்தால், இல்லாத நோயை இருப்பதாகச் சொல்லிவிட நேரும். எத்தனை வகுப்பு படித்தார், வீட்டில் என்ன மொழி பேசுகிறார் என்பதை முதலிலேயே சொல்லுங்கள். சோதனை தமிழில் நடக்குமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

போகும்போது மூக்குக்கண்ணாடி, காது மிஷின், பழைய ஸ்கேன், மாத்திரைச் சீட்டு எல்லாம் கையில் இருக்கட்டும். முந்தைய இரவு நன்றாகத் தூங்க வையுங்கள். அவருடைய அன்றாடத்தை அறிந்த ஒருவர் கூடப் போக வேண்டும். அனேகமாக அது மனைவிதான். மச்சானை அனுப்பிவிட்டு அவரை வீட்டில் நிறுத்திவிடாதீர்கள்.

அந்த மண்டிக்காரருக்கு நாங்கள் இப்போதுதான் கடிதம் வாங்கியிருக்கிறோம்.