மனநோயும் இல்லச் சூழலும்

காய்ச்சல் கண்டவரை ஊரார் வந்து பார்ப்பர். கஞ்சி கொண்டு வந்து கொடுப்பர். ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல வண்டி தேடுவர். மனம் நோயுற்றவரையோ ஊரார் பார்த்துவிட்டு ஒதுங்கிச் செல்வர். புதுவையைச் சேர்ந்த நெட்டப்பாக்கம் கொம்யூனில் உள்ள கரியமாணிக்கமாயினும், பாகூர், வில்லியனூர்ப் பக்கத்து வேறு சிற்றூராயினும் இவ்வழக்கத்தில் பெரிய வேற்றுமை இல்லை. நெல்லும் கரும்பும் விளையும் இவ்வூர்களில் பயிருக்கு நோய் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சிறுவனும் அறிவான். மனத்துக்கு நோய் கண்டால் முதலில் செய்ய வேண்டியது யாது என்பதை நாம் இன்னும் கற்க வேண்டியிருக்கிறது. அப்பாடத்தின் ஒரு பகுதியாகிய குடும்பத்தின் பங்கைப் பற்றி இங்கு ஆராய்வோம்.

மனநோயை முதலில் காண்பவர் வைத்தியர் அல்லர்; தாயோ, மனைவியோ, உடன்பிறந்தவரோதான். இருபது வயது இளைஞன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். கழனிக்கு ஒழுங்காகச் சென்று வந்தவன் சில வாரங்களாக இரவில் உறங்குவதில்லை. குளிப்பதில்லை. நண்பர்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். தன்னைப் பற்றி அண்டை வீட்டார் சதி பேசுவதாகச் சொல்கிறான். தந்தை இதைத் திமிர் என்கிறார். பாட்டி காற்றுக் கருப்பு என்கிறார். பூசாரியை அழைத்து வேப்பிலை அடிக்கிறார்கள். சில மாதங்கள் கழிந்தபின், 'ஒரு கால்கட்டுப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்' என்று மாமன் முறையானவர் யோசனை சொல்கிறார். ஒருவருடைய துன்பத்தை இருவருடையதாக்கும் இந்த யோசனையைப் போல் தீங்கு விளைவித்தது நம் கிராமங்களில் வேறு அதிகம் இல்லை என்பது நம் கருத்து. இவ்வளவும் நடந்து முடிந்தபின், நோய் முற்றிய நிலையில்தான் டாக்டரின் பெயர் நினைவுக்கு வருகிறது.

ஆயினும் பழி முழுவதையும் குடும்பத்தின்மேல் சுமத்துவது நியாயமன்று. நாட்டில் மனநோய்க்கென இருந்த வசதி மிகக் குறைவு. 1946ஆம் ஆண்டில் வெளிவந்த போர் குழுவின் அறிக்கை, அன்றைய இந்தியா முழுமைக்கும் மனநோய் மருத்துவமனைகளில் ஏறக்குறைய 10,000 படுக்கைகளே இருந்தன என்று கூறிற்று. அவற்றுள் சேர்க்கப்பட்டவருட் பலர் உயர்ந்த மதில்களுக்கு உள்ளேயே முதுமை அடைந்தனர். வீட்டார் ஓரிரு முறை வந்து பார்ப்பர். பிறகு வருவதை நிறுத்திவிடுவர். நோய் தணிந்தாலும் திரும்பிச் செல்ல இடம் இராது.

இந்நிலையில் 1950களில் அமிர்தசரசில் ஒரு புதுமை நிகழ்ந்தது. அங்கிருந்த மனநோய் மருத்துவமனையின் தலைவர் டாக்டர் வித்யா சாகர், மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்கள் அடித்து, நோயாளியோடு உறவினரையும் தங்க வைத்தார். மருத்துவமனையில் நெருக்கடி மிகுதியாக இருந்தது. கூடாரம் அந்நெருக்கடிக்கு ஒரு வழியாயிற்று. ஆனால் விளைந்த பயன் அதனினும் பெரிது. உறவினர் அருகில் இருந்ததால் நோயாளியின் அச்சம் குறைந்தது. நோய் எப்படித் தணிகிறது என்பதை உறவினர் கண்ணால் கண்டனர். பக்கத்துக் கூடாரத்தாரோடு பேசி, இத்துன்பம் தமக்கு மட்டும் வந்ததன்று என்று தெளிந்தனர். ஊர் திரும்பியபோது நோயாளியை மட்டுமன்றி, நோயைப் பற்றிய அறிவையும் அழைத்துச் சென்றனர் எனலாம்.

நமக்கு அண்மையில் இம்முறை வேரூன்றிய இடம் வேலூர். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மனநல மையம் 1957ஆம் ஆண்டில் வேலூரை அடுத்த பாகாயத்தில் டாக்டர் ஃப்ளாரன்ஸ் நிக்கல்ஸ் அம்மையாரால் தொடங்கப்பெற்றது. அங்கு நோயாளியோடு குடும்பத்தினர் உடன் தங்குவது சிகிச்சையின் ஓர் அங்கமாகவே அமைந்தது. மேல்நாட்டு மருத்துவமனைகளில் குடும்பத்தை வாயிலில் நிறுத்திய காலம் அது. நம் நாட்டில் நோயாளியைத் தனியே விட்டுவர மனம் ஒப்பாத தாய்மார் இருந்தனர். அவர்களை வெளியே அனுப்பாமல் உள்ளே அழைத்துப் பயன்படுத்திக்கொண்டதுதான் வேலூரின் சிறப்பு. மருந்தை எந்த வேளையில் கொடுப்பது, உறக்கம் கெட்டால் அதை எப்படி முன்னறிகுறியாகக் கொள்வது, கோபமாகப் பேசும்போது எதிர்த்து வாதாடாமல் இருப்பது எங்ஙனம் என்பனவெல்லாம் கூட இருந்தே கற்கப்பட்டன.

குடும்பத் துணை நோயின் போக்கையே மாற்ற வல்லதா என்ற கேள்வி உலக அளவிலும் எழுந்தது. உலக சுகாதார ஸ்தாபனம் 1960களின் பிற்பகுதியில் ஒன்பது நாடுகளில் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கிற்று. மனச்சிதைவு எனப்படும் கடுமையான நோய் கண்டவர்களை ஆக்ரா, இபாடன், காலி, இலண்டன், மாஸ்கோ, வாஷிங்டன் முதலிய நகரங்களில் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தனர். மருந்தும் மருத்துவரும் நிறைந்த நாடுகளில்தான் நலம் மிகுதியாக இருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. முடிவு வேறாக இருந்தது. இந்தியா, நைஜீரியா, கொலம்பியா ஆகிய நாடுகளின் நோயாளிகள் பலர் செல்வ நாடுகளின் நோயாளிகளைவிட நன்கு தேறியிருந்தனர். இதற்குக் காரணம் கூட்டுக் குடும்பம் ஒன்றே என்று அடித்துச் சொல்ல இயலாது. பின்வந்த அறிஞர்கள் இதனைப் பற்றி வாதிட்டு வருகின்றனர். ஆனால் களை பறிக்கவோ, மாடு மேய்க்கவோ, குழந்தையைப் பார்த்துக்கொள்ளவோ ஏதேனும் ஒரு வேலையைத் தேறிவரும் நோயாளிக்கு ஒதுக்கித் தரக்கூடிய வீடும் ஊரும் ஒரு பலம் என்பதை மறுப்பாரிலர்.

குடும்பம் என்றாலே நலம் என்று எண்ணிவிடுதலும் பிழை. இலண்டனில் ஜார்ஜ் பிரௌன் என்னும் சமூகவியலார் 1950களில் ஒரு விந்தையைக் கண்டார். மருத்துவமனையை விட்டுப் பெற்றோரிடமோ மனைவியிடமோ சென்றவர்கள், வாடகை விடுதிக்குச் சென்றவர்களைவிட அதிகமாக மீண்டும் நோயுற்று வந்தனர். அன்புள்ள இடத்தில் நோய் திரும்புவானேன்? ஆராய்ந்தபோது, வீட்டில் பேசப்படும் பேச்சின் தன்மையே காரணம் என்று தெரிந்தது. ஓயாமல் குறை கூறுதல், வெறுப்பைக் காட்டுதல், இவற்றோடு அளவு மீறிய கவலையால் நோயாளியை ஒரு கணமும் தனியே விடாமை ஆகிய மூன்றும் நிறைந்த வீட்டில் நோய் எளிதில் திரும்புகிறது. அத்தகைய உறவினரோடு வாரத்திற்கு 35 மணி நேரத்துக்கு மேல் முகம் பார்த்துக் கழிப்பவர்க்கு ஆபத்து மேலும் மிகுதி என்று பிற்கால ஆராய்ச்சிகள் கணக்கிட்டன. சண்டிகரில் இதே முறையில் ஆராய்ந்தபோது குறை கூறும் குடும்பங்கள் இலண்டனைவிடக் குறைவாகவே காணப்பட்டன.

மூன்றாவது குற்றத்தை நம் தாய்மார் குற்றமென்றே கருதுவதில்லை. முப்பது வயது மகனுக்குச் சோற்றைப் பிசைந்து கொடுத்து, தண்ணீர் மொண்டு கொடுத்து, தெருவுக்குச் செல்லவும் தடை போடும் தாயை நாம் புகழ்கிறோம். அவள் அன்பில் குறையில்லை. ஆயினும் மகன் தன் கையால் செய்யக்கூடிய செயல் ஒவ்வொன்றையும் அவள் பறித்துக்கொள்ளும்போது அவன் தேறும் நாள் தள்ளிப்போகிறது.

இல்லமே நோய்க்கு வித்தாகும் நிலையும் உண்டு. வேலூர் மாவட்டத்துக் கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் கருவுற்ற பெண்கள் 359 பேரைக் கொண்டு நடந்த ஓர் ஆராய்ச்சியின் முடிவு 2002இல் வெளிவந்தது. பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு நோய்க்குப் புதிதாக ஆளானவர் நூற்றுக்கு 11 பேர். யாருக்கு அது வந்தது? குறைந்த வருமானமுள்ள வீட்டாருக்கு. ஆண் குழந்தையை எதிர்பார்த்துப் பெண் குழந்தையைப் பெற்றவர்க்கு. மாமியாரோடும் பெற்றோரோடும் மனத்தாங்கல் உள்ளவர்க்கு. கைவேலைக்கு உதவி இல்லாதவர்க்கு. இப்பட்டியலில் உடற்கூறு பற்றியது ஒன்றுமில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். குழந்தை பெற்ற மருமகளுக்கு வெந்நீர் வைத்துக் கொடுப்பதும், குழந்தையைச் சற்று நேரம் வாங்கி வைத்துக்கொண்டு அவளை உறங்கச் சொல்வதும், 'பெண்ணா?' என்று உதட்டைப் பிதுக்காமல் இருப்பதும் மருந்துக்கு நிகரானவை. பத்தியச் சோற்றில் காட்டும் அக்கறையில் பாதியைப் பேச்சில் காட்டினாலும் போதும்.

புதுவைப் பகுதிக்கு இப்பாடம் தனி அவசரம் உடையது. தேசியக் குற்றப் பதிவு அமைப்பின் கணக்குப்படி 2015ஆம் ஆண்டில் ஒரு லட்சம் மக்களுக்குத் தற்கொலை செய்துகொண்டவர் நாடு முழுவதிலும் 10.6 பேர், புதுவையில் 43.2 பேர். நாட்டிலேயே அவ்வாண்டில் மிக உயர்ந்த விகிதம் இதுவே. 2022ஆம் ஆண்டில் நாடு முழுவதற்கும் பதிவான காரணங்களுள் குடும்பச் சிக்கல் 31.7 சதவீதம், நோய் 18.4 சதவீதம். காவல் நிலையத்தில் எழுதப்படும் ஒற்றைக் காரணம் ஒரு மனிதரின் துயரம் முழுவதையும் சொல்லிவிடாது. கடன், குடி, மனச்சோர்வு, வீட்டுச் சண்டை ஆகியவை ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. ஆனாலும் முதலிடத்தில் குடும்பம் நிற்பது நம்மைச் சிந்திக்க வைக்கிறது.

இங்கு விவசாயிகள் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. சாக வேண்டும் என்ற எண்ணம் பலருக்குச் சண்டையின் சூட்டில் எழுந்து சில மணி நேரத்தில் தணிந்துவிடும் இயல்புடையது. அந்நேரத்தில் பூச்சிமருந்து கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதே பல வீடுகளில் விபரீதத்துக்குக் காரணமாகிறது. கடலூர் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயில் பகுதியில் இரண்டு கிராமங்களில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல், ஊர்ப் பொதுவில் ஓர் அறை அமைத்து, விவசாயிகளுக்குத் தனித்தனிப் பெட்டி கொடுத்துப் பூட்டி வைக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. சென்னையில் 1986இல் ஸ்நேகா என்னும் தற்கொலைத் தடுப்பு நிலையத்தைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமார் முதலியோர் நடத்திய இச்சோதனையின் விவரம் 2013இல் வெளியாயிற்று. விவசாயிகள் இவ்வேற்பாட்டை விரும்பி ஏற்றனர்; பூச்சிமருந்தால் நேரும் தற்கொலை முயற்சிகளும் குறைந்தன. இலங்கையில் கடும் நஞ்சுள்ள பூச்சிமருந்துகளை 1990களில் தடை செய்தபின் பத்தே ஆண்டுகளில் தற்கொலை விகிதம் ஏறக்குறையப் பாதியாயிற்று. கரியமாணிக்கம் போன்ற ஊரில் இத்தகைய அறை ஒன்றைக் கட்டப் பெரும் பொருள் தேவையில்லை. பொது இடமும், பொறுப்புள்ள ஒருவர் கையில் சாவியும் போதும்.

கோயிலுக்கு அழைத்துச் செல்வதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நோயாளியைக் கோயிலில் தங்க வைப்பது தொன்றுதொட்ட வழக்கம். அதை ஏளனம் செய்வது அறிவாகாது. தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூரில் உள்ள முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரைப் பெங்களூர் மனநல நிறுவனத்து அறிஞர்கள் ஆராய்ந்து 2002இல் எழுதினர். அங்கு அடியும் இல்லை, விசேஷப் பரிகாரமும் இல்லை. உறவினர் ஒருவர் உடன் இருக்க, காலை வழிபாட்டில் கலந்துகொண்டு, செடிக்கு நீர் ஊற்றியும் இடத்தைப் பெருக்கியும் சராசரி ஆறு வாரங்கள் தங்கினர். நோயின் கடுமை ஐந்தில் ஒரு பங்களவு குறைந்திருந்தது. அமைதியான இடம், சிறு வேலை, அருகில் உறவினர் ஆகியவையே அங்கு உதவின என்று அவ்வறிஞர்கள் கருதினர்.

இதற்கு நேர்மாறான காட்சியை 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் ஏர்வாடியில் கண்டோம். தர்காவை அண்டிப் பிழைத்த தனியார் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட இயலாமல் மாண்டனர். இறந்தோர் தொகை 28. உறவினர் உடன் இல்லாமல், பிறர் பொறுப்பில் அவர்களை விட்டுச் சென்றிருந்தனர். ஓரிடத்தில் உறவு துணையிருந்தது. மற்றோரிடத்தில் சங்கிலி அதன் இடத்தைப் பிடித்தது. மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017 இன்று எவ்வகையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. ஆதலால் வழக்குக்கு அஞ்சி அவரை மருத்துவரிடம் காட்டாமல் மறைப்பதற்கு இனிக் காரணமில்லை.

வீட்டார் ஏன் சங்கிலியையும் காப்பகத்தையும் நாடுகின்றனர்? பெரும்பாலும் கொடுமையால் அன்று, களைப்பினால்தான். இரவில் உறங்காத ஒருவரைக் காத்து, பகலில் நூறுநாள் வேலைக்கும் நடவுக்கும் செல்லும் மனைவிக்கு இளைப்பாற நேரமில்லை. கல்யாணம், காதுகுத்து என்று எங்கும் செல்ல இயலாது. அழைப்பும் நாளடைவில் நின்றுபோகிறது. பங்காளிகளும் சம்பந்திகளும் விலகியபின் அக்குடும்பம் ஊரின் நடுவிலேயே தனித்துவிடுகிறது. ஆகவே துணை வேண்டியவர் நோயாளி மட்டும் அல்லர். அவரைக் காப்பவரும் ஆவார்.

இதைச் செய்ய வல்லவர் ஊரில் இல்லாமல் இல்லை. மகளிர் சுயஉதவிக் குழுவினர் வாரந்தோறும் கூடுகின்றனர். வராமல் நின்றுவிட்ட உறுப்பினரின் வீட்டுக்கு இருவர் சென்று திண்ணையில் அரை மணி நேரம் அமரலாம். தவணையைப் பற்றிப் பேசாமல் அமர்வது நலம். கரியமாணிக்கத்திலேயே ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. மேல் சிகிச்சைக்குக் கோரிமேட்டில் ஜிப்மர் மனநலப் பிரிவு உண்டு. 2022ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கப்பெற்ற டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

மனநோய்க்கான மருந்து பெரும்பாலும் நோய் தணிந்த பின்னும் பல மாதங்கள் தொடர்ந்து உட்கொள்ள வேண்டியது. அறுவடைக் காலத்தில் வீட்டில் ஆள் இல்லை என்பதால் மருந்து வாங்கச் செல்வது தவறிப்போகும். தவறிய சில வாரங்களில் உறக்கம் கெடத் தொடங்கும். அந்த ஒரு நாளில் நோயாளியோடு பேருந்தில் ஏறிச் சென்றுவர அண்டை வீட்டார் ஒருவர் முன்வந்தால், அவ்வாண்டு அறுவடையும் நிற்காது, மருந்தும் நிற்காது. யார் எந்த மாதம் உடன் செல்வது என்பதைக் குழுக் கூட்டத்திலேயே பேசி முடிவு செய்துகொள்ளலாம்.