டவுனில் குடியேறும் மருமகனுக்கு

சிரஞ்சீவி மருமகனுக்கு,

உனக்குப் பாளையங்கோட்டையில் உத்தியோகம் அமைந்ததும், வாடகையை உத்தேசித்துத் திருநெல்வேலி டவுனிலே கீழ ரத வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் அறை பார்த்திருப்பதும் உன் அம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன். உத்தியோகத்தைப் பற்றி அவளுக்கு விசாரம் ஒன்றும் இல்லை. 'பிள்ளை சாப்பாட்டுக்கு என்ன செய்வான்?' என்பதுதான் அவளுடைய கவலையெல்லாம். அந்த ஊரிலே கல்யாணத்துக்கு முன் சில வருஷங்கள் தனிக்கட்டையாக இருந்து, வேளாவேளைக்கு வெளியிலேயே சாப்பிட்டு வளர்ந்தவன் என்ற முறையில், இந்த விஷயத்தில் உனக்கு நாலு வார்த்தை எழுத எனக்குப் பாத்தியதை உண்டு என்றே நினைக்கிறேன்.

முதலில் மத்தியானச் சாப்பாடு. தாமிரபரணியின் மேல் 1843-ஆம் வருஷம் சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தைக் கொண்டு கட்டுவித்த பாலத்தைக் கடந்து நீ தினமும் காலையில் பாளைக்குப் போய்விடுவாயாகையால், பகல் உணவுக்கு டவுனை நம்பிப் பிரயோஜனமில்லை. அதனால் குறையும் இல்லை. பாளை, பள்ளிக்கூடங்களும் கல்லூரிகளும் நிறைந்த ஊர். வீட்டை விட்டு வந்து தங்கும் வாத்தியார்களும் குமாஸ்தாக்களும் மாணவர்களும் தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்துவருவதனால், அவர்களை நம்பிப் பிழைக்கும் மெஸ்களுக்கும் பஞ்சமில்லை. பேருந்து நிலையத்து ஓட்டலுக்கும் இந்த மெஸ்ஸுக்கும் உள்ள வித்தியாசத்தை நீ மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஓட்டலில் சாப்பிடுகிறவன் அடுத்த வண்டியில் ஏறிப் போய்விடுவான். சாம்பாரில் பருப்பு இல்லையென்று அவன் கண்டுகொண்டாலும் கல்லாவில் இருப்பவருக்கு நஷ்டம் இல்லை. மெஸ்ஸிலோ, இன்றைக்குச் சாப்பிட்ட அதே ஐம்பது பேர்தான் நாளைக்கும் வந்து உட்கார வேண்டும்; அவர்களில் பத்துப் பேர் வராமல் நின்றுவிட்டால் அடுப்பு எரியாது. ஆகவே, பலகையைப் பார்க்காதே, அலங்காரத்தைப் பார்க்காதே. நரைத்த தலைகள் சில, இலையைத் தாங்களே இழுத்துப் போட்டுக்கொண்டு, பரிமாறுகிறவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகின்றனவா என்று பார்.

ருசியைச் சோதிக்கச் சாம்பாரைக் கொண்டு தீர்மானம் செய்யாதே. தேங்காயும் பெருங்காயமும் சேர்ந்தால் எந்தக் குறையும் மறைந்துபோகும். ரசத்தில் ஒன்றும் மறையாது. முதல் நாள் மிஞ்சியதில் புளியைக் கரைத்துவிட்டார்களா, அன்றைக்கு வைத்ததா என்பது ஒரு வாய் குடித்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். மோரும் அப்படியே. இந்த இரண்டும் யோக்கியமாக இருக்கும் இடத்தில் மாதக் கணக்கு வைத்துக்கொண்டு, ஒரு மணிக்குள் போய் உட்கார்ந்துவிடு. இரண்டரை மணிக்குப் போய்க் கூட்டு இல்லை, பொரியல் இல்லை என்று குறைப்படுவது நியாயமாகாது.

மாலையில் டவுனுக்குத் திரும்பியபின்தான் உனக்குச் சோதனை ஆரம்பமாகும். நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிய ரத வீதிகளில் விளக்கு வைக்கும் நேரத்துக்கு எண்ணெய்ச் சட்டிகள் காயத் தொடங்கும். வடை, பஜ்ஜி, சுக்குக் காபி என்று ஒவ்வொரு முக்கும் உன்னைக் கூப்பிடும். சுக்குக் காபி குடி. கருப்பட்டி போட்டதாக இருந்தால் இரண்டாம் தம்ளரும் குடி. கோடையில் பதனி கிடைத்தால், அது காலைச் சரக்கு என்பதை மறவாதே. வெயில் ஏறியபின் விற்பதை வாங்காதே.

அல்வாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அந்த ஊர்க்காரர் எவரும் என்னை மன்னிக்கமாட்டார். கோயிலுக்கு எதிரே, பெயர்ப்பலகை இல்லாமல் சாயங்காலத்தில் மாத்திரம் சில மணி நேரம் வியாபாரம் செய்யும் இருட்டுக்கடையை நீ தேடிப் போக வேண்டியதில்லை. வரிசையே வழி காட்டும். சம்பா கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்து, அதைத் தெளியவைத்து, சர்க்கரையும் நெய்யும் விட்டு மணிக்கணக்காகக் கிளறி எடுக்கும் அந்தப் பதார்த்தத்துக்குத் தாமிரபரணித் தண்ணீரே காரணம் என்று ஊரார் சத்தியம் செய்வார்கள். கிளறுகிறவனுடைய தோளுக்கும் அதில் பாதிப் பங்கு உண்டென்பது என் அபிப்பிராயம். விலாசம் பார்த்துக் கிலோக் கணக்கில் கட்டி வாங்குவது வெளியூர்க்காரர் வழக்கம். நீ நூறு கிராம் வாங்கி, இலைத் துண்டில் வைத்துச் சூடு ஆறுமுன் நின்றபடியே தின்றுவிட்டு நடையைக் கட்டு. வாரம் ஒருமுறை போதும்.

இரவில் பரோட்டாக் கடைகளின் கல் சத்தம் காதில் விழாமல் டவுனில் எவனும் தூங்கப் போவதில்லை. சால்னாவுடன் அதைச் சாப்பிடாதே என்று சொல்ல நான் வைத்தியன் அல்லன். ஆயினும் தினசரி விரதமாக அதை வைத்துக்கொள்ளாதே; இரவில் நாலு இட்லியும் புளிமிளகாயும் கிடைத்தால் அதுவே சிலாக்கியம். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்கள் மேலப்பாளையத்துக்குப் பிரியாணி சாப்பிடக் கூப்பிடுவார்கள். நீ போனாயா, இல்லையா என்று நான் கேட்கமாட்டேன். உன் அம்மாவிடம் சொல்லவும் மாட்டேன்.

இனிச் சொல்லப்போவதற்காகவே இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். மேலே சொன்ன இடங்களிலெல்லாம் ஒரு வருஷம் சாப்பிட்டாலும், திருநெல்வேலிச் சாப்பாடு இன்னதென்று நீ அறிந்தவனாகமாட்டாய். ஏனெனில் அதில் உயர்ந்த பாகம் பெரும்பாலும் கடைக்கு வருவதே இல்லை. சொதியை எடுத்துக்கொள். தேங்காயைத் துருவி மூன்று பால் எடுத்து, பின்னெடுத்த பால்களிலே காய்கறிகளை வேகவைத்து, குழைந்த பாசிப்பருப்பும் இஞ்சியும் சேர்த்து, இறக்கும் தறுவாயில் முதற்பாலை விட்டுக் கொதிக்கவிடாமல் இறக்கி, சற்று ஆறியபின் எலுமிச்சம்பழச் சாறு பிழிவது அதன் கிரமம். கல்யாணத்துக்கு மறுநாள், மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் கூடி உட்காரும் பந்தியிலே, இஞ்சிப் பச்சடியோடு அது பரிமாறப்படுவது சைவ வேளாளர் வீடுகளின் சம்பிரதாயம். முதற்பால் விட்டபின் மறுபடி கொதித்தால் திரிந்துபோகும் ஒரு பதார்த்தத்தைப் பகல் பதினொரு மணி முதல் மூன்று மணி வரை அடுப்பில் வைத்து விற்க எந்தச் சரக்கு மாஸ்டரால் முடியும்? தோலோடு உடைத்த உளுந்தையும் அரிசியையும் தேங்காய், பூண்டு, வெந்தயத்துடன் பொங்கி எள்ளுத் துவையல் வைத்துச் சாப்பிடும் உளுந்தஞ்சோறும், காய்களும் முருங்கைக்கீரையும் பருப்பும் ஒன்றாக வெந்த கூட்டாஞ்சோறும் அப்படியே. அவை வீட்டுப் பெண்களின் கைப்பக்குவத்தையும், வடித்த சூட்டில் உட்கார்ந்து உண்ணும் குடும்பத்தையும் வேண்டி நிற்பவை.

ஆகையால், அந்த ஊரில் நன்றாகச் சாப்பிட விரும்புகிறவன் மனிதர்களைச் சம்பாதித்துக்கொள்ள வேண்டும். விருந்தோம்பலில் அந்த ஜில்லாக்காரர் கைகாரர். ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் வாழ்ந்த நாளில் ராஜாஜியும் கல்கியும் அவர் வீட்டு விருந்தினராக இருந்தவர்கள் என்பது நாடறிந்த விஷயம். நீ ராஜாஜி அல்லவென்றாலும், அறை கொடுத்த வீட்டுப் பாட்டிக்கு மருந்து வாங்கிவந்து கொடுத்து, அடுத்த வீட்டுப் பையனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து வந்தால், மூன்று மாதத்துக்குள் யாராவது ஒருவர் 'தம்பி, இன்னிக்கு நம்ம வீட்டுல சாப்பிடுங்க' என்று கூப்பிடாமல் இரார். அப்போது 'சாப்பிட்டாகிவிட்டது' என்று பட்டணத்துப் பொய் சொல்லாதே. முதல் தரம் மறுத்தால் மரியாதை என்று எண்ணுவார்கள்; இரண்டாம் தரமும் மறுத்தால் தங்கள் வீட்டுச் சாப்பாட்டில் உனக்கு ஏதோ கூச்சம் என்றே முடிவு கட்டி, அப்புறம் கூப்பிடவேமாட்டார்கள். வெறுங்கையோடு போகாமல் நல்ல வாழைப்பழமாக ஒரு சீப்பு வாங்கிப் போ. இலையில் மிச்சம் வைக்காதே. எது பிடித்ததோ அதை மறுபடியும் வாய்விட்டுக் கேள். சமைத்த அம்மாளுக்கு அதைவிடப் பெரிய உபசாரம் இல்லை.

ஆனித் தேருக்கு நான் அங்கே வருவதாக இருக்கிறேன். தேரைப் பார்த்துவிட்டு மத்தியானம் உன்னுடைய மெஸ்ஸிலேயே சாப்பிடலாம். அதற்குள் நல்ல இடமாகப் பார்த்து நிச்சயம் செய்து எனக்கு எழுது.

இப்படிக்கு,
உன் மாமா