மேட்டூர் திறந்தால் கோழியை அடை

கொல்லையில் கோழியும் மேய வேண்டும், கத்தரியும் காய்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிற வீட்டில் தினமும் ஒரு வழக்கு நடக்கும். கோழிக்குக் கிளறாமல் இருக்கத் தெரியாது. நாற்றுக்கு எழுந்து ஓடத் தெரியாது. வேலி போட்டால் வழக்கு தீர்ந்தது என்று புதிதாக ஆரம்பிப்பவர்கள் நினைக்கிறார்கள். வேலி பாதிதான். எந்த மாதம் கொல்லை கோழிக்கு, எந்த மாதம் செடிக்கு என்று பிரித்துக் கொடுப்பதுதான் மீதி.

எங்கள் வீடு திருக்காட்டுப்பள்ளியில், காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிகிற பக்கம். படுகை மண். வாழைக்கட்டையைப் புதைத்துவிட்டு மறந்துபோனால்கூட முளைத்துவிடும். கொல்லையில் வாழை, முருங்கை, இரண்டு தென்னை, கிணற்றடியில் கீரைப்பாத்தி, ஒரு பந்தல். கொல்லை முடிகிற இடத்தில் வயல் ஆரம்பம். அதனால் எங்கள் கோழிகளின் நாட்காட்டியை நாங்கள் எழுதவில்லை, ஆறு எழுதியது.

தை அறுப்பு முடிந்ததும் கோழிகளுக்குத் திருவிழா. இப்போதெல்லாம் இயந்திர அறுவடை. அது சிந்திவிட்டுப் போகிற நெல் கொஞ்சமில்லை. காலையில் கூட்டைத் திறந்துவிட்டால் தாளடிக் கட்டைகளுக்குள் நாள் முழுக்க மேய்ந்துவிட்டு, பொழுது சாய வயிறு புடைக்க வரும். மாசி, பங்குனி, சித்திரை மூன்று மாதமும் தீனிச்செலவு கிட்டத்தட்ட இல்லை. கொல்லையிலும் அப்போது பெரிதாகச் செடி இருக்காது. பழைய கத்தரிச்செடியைப் பிடுங்கிய பாத்திகளில் கோழியை விட்டுவிடுவோம். மண்ணுக்குள் இருக்கிற கூட்டுப்புழு, வண்டுப்புழு, களைவிதை எல்லாவற்றையும் கிளறித் தின்றுவிடும். மண்வெட்டி வேலையில் பாதி மிச்சம்.

வைகாசி கடைசியில் கதை மாறும். ஆழ்குழாய்க் கிணறு உள்ளவர்கள் குறுவைக்கு நாற்று விட ஆரம்பிப்பார்கள். மற்றவர்கள் மேட்டூரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அணை திறக்க வேண்டிய நாள் ஜூன் 12. ஆனால் எல்லா வருஷமும் அப்படி நடப்பதில்லை. 2022-ல் மே 24-லேயே திறந்துவிட்டார்கள். 2024-ல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கல்லணைக்குத் தண்ணீர் வந்து, வாய்க்காலில் இறங்கி, பக்கத்து வயலில் விதை தெளித்தார்கள் என்றால் அன்றைக்கே எங்கள் கோழிகளுக்கு ஊரடங்கு. நாற்றங்காலில் ஒரு கோழி கால் வைத்தால் போதும், முளைகட்டின விதை மொத்தமும் சிதறிப்போகும். "ஏம்மா, ஒங்க கோழி எங்க நாத்தங்கால்ல நிக்குது, செத்த வந்து பாரு" என்று பக்கத்து வயல் பெரியப்பா தணிந்த குரலில் கூப்பிடுவார். அவர் சத்தம் போட்டிருந்தால்கூட அவ்வளவு உறைக்காது. அண்டை அயலோடு மனக்கசப்பு வருவதற்குக் கிராமத்தில் வரப்புக்கு அடுத்த காரணம் கோழிதான்.

அடைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. விதைநேர்த்தி என்று பூஞ்சாண மருந்து கலந்த நெல்லும், வரப்பில் எலிக்கு வைக்கிற மருந்தும் கோழிக்கு எமன். நாற்று பச்சை பிடித்து உயரும்வரை காலையும் மாலையும் கொல்லைக்குள் மட்டும் திறந்துவிடுகிறோம். அப்போது தவிடு, நொய், கருக்காய் நெல், சமையலறையில் கழிகிற கீரைத்தண்டு என்று நாம்தான் போட வேண்டும்.

ஆடி பிறந்தால் விதைக்கிற மாதம். கொல்லையும் செடிக்குப் போய்விடும். கோழியோடு ஒத்துப்போகிற செடி எது, ஒத்துப்போகாதது எது என்பதில் எங்களுக்கு இப்போது ஒரு தெளிவு இருக்கிறது. பந்தலில் ஏறுகிற புடலை, பீர்க்கு, பாகல், அவரை எல்லாம் கோழிக்குத் தோழன். கொடி முழங்கால் உயரம் தாண்டும்வரை அடியில் பழைய பஞ்சாரத்தைக் கவிழ்த்து வைத்தால் போதும்; அப்புறம் பந்தல் நிழலில் கோழி படுத்துக்கொள்ளும், உதிர்கிற பூச்சியைத் தின்னும். முருங்கை, கறிவேப்பிலை, பப்பாளிக்கும் கவலையில்லை. ஒரு திருத்தம்: மழைக்காலத்தில் முருங்கையில் அப்புகிற கம்பளிப்பூச்சியைக் கோழி தின்னும் என்று நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். எங்கள் கோழிகள் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பந்தம் கொளுத்தித்தான் கருக்க வேண்டும்.

கீரையும் கோழியும் ஒரே வேலிக்குள் நடக்காத காரியம். அரைக்கீரை, தண்டுக்கீரை, வெங்காயம், கத்தரி நாற்று எல்லாவற்றையும் கிணற்றடியில் ஒரே மூலைக்குக் கொண்டுவந்து, மூங்கில் குச்சி நட்டு, பழைய மீன்வலையைச் சுற்றிக் கட்டியிருக்கிறோம். வலையின் அடிப்பக்கத்தை மண்ணில் ஒரு சாண் புதைக்க வேண்டும், இல்லாவிட்டால் குஞ்சு நுழையும். பறந்து தாண்டுகிற கோழிக்கு ஒரு பக்கத்து இறக்கையின் நீண்ட சிறகுகளை மட்டும் கத்தரித்துவிட்டால் நிலைதடுமாறும், தாண்டாது. இரண்டு பக்கமும் வெட்டினால் பலன் குறைவு. ரத்தம் ஓடுகிற இளஞ்சிறகை வெட்டக்கூடாது. வாழைக்குக் குருத்தில் ஆபத்தில்லை, அடியில்தான். கிழங்கைச் சுற்றிக் கிளறி வேரை வெளியே தெரிய வைத்துவிடும். தென்னமட்டையைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு வைத்தால் கோழிக்குக் கால் வைக்க இடமிருக்காது.

கோழி எச்சத்தைப் பச்சையாகச் செடிக்குப் போட்டால் இலை கருகிவிடும், அவ்வளவு காரம். கூட்டுக்கு அடியில் நெல் உமி பரப்பி, எச்சத்தோடு சேர்த்து வாரி, எருக்குழியில் மாட்டுச்சாணம், வாழைச்சருகோடு போட்டு மக்கவிட வேண்டும். ஆடிக்கு வேண்டிய எருவை மாசியிலேயே குழியில் போட்டுவிடுவது எங்கள் வழக்கம்.

அடைவைப்பதில் அத்தைக்குத்தான் கடைசி வார்த்தை. எங்கள் வீட்டில் இருப்பது சிறுவிடைக் கோழிகள். ஒரு ஈட்டுக்குப் பன்னிரண்டு, பதினைந்து முட்டை இட்டுவிட்டு அடை படுத்துவிடும். வருஷம் முழுக்கக் கூட்டினாலும் அறுபது, எண்பதைத் தாண்டுவது அபூர்வம். நாமக்கல் பண்ணைக்கோழி முன்னூறுக்கு மேல் இடும். ஆனால் அதற்கு அடை படுக்கத் தெரியாது, குஞ்சைக் கூட்டிக்கொண்டு மேயத் தெரியாது. எங்களுக்கு வேண்டியது இந்தத் தெரிந்த கோழி.

படுத்த கோழியையெல்லாம் அடை வைத்துவிடக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பொரிக்கிற குஞ்சுகளில் பாதிகூட மிஞ்சாது. ஈரமும் குளிரும்தான் காரணம். அந்த மாதங்களில் படுக்கிற கோழியை மதிய வெயில் அடிக்கிறபோது தண்ணீரில் ஓரிரு முறை முக்கியெடுத்து, கூட்டை விட்டு விலக்கிவைத்தால் அடை தெளிந்துவிடும். மார்கழிக் கடைசியில் வைத்து, இருபத்தோராம் நாள் தையில் பொரிக்கிற குஞ்சுதான் ராசியான குஞ்சு. வளர்கிற காலம் முழுக்க வயலில் நெல் கிடக்கும்.

முட்டை ஒரு வாரத்துக்கு மேல் பழசாக இருக்கக் கூடாது. கூர்முனை கீழே இருக்கும்படி அரிசிக்குள் புதைத்து வைப்போம். பத்து, பன்னிரண்டுக்கு மேல் சிறுவிடையின் உடம்பு மூடாது. "ராத்திரியில வை. பகல்ல வெச்சா எந்திரிச்சு ஓடிடும்" என்பது அத்தையின் சட்டம், அது சரியாகவே இருக்கிறது. கூடையில் அடியில் மணல், மேலே வைக்கோல், ஓரத்தில் ஒரு அடுப்புக்கரி, ஒரு இரும்பாணி, ஒரு வரமிளகாய். இடி இடித்தால் கரு கலங்காமல் இருக்க இந்த ஏற்பாடு. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. எடுத்துப் போட்டதும் இல்லை, முட்டைக்கு அதனால் கேடு கிடையாது. நான் சேர்த்தது டார்ச் லைட். எட்டாம் நாள் இரவு முட்டையை விளக்குக்கு முன் பிடித்தால் கரு உள்ளதில் சிவப்பு நரம்பு வலைபோலத் தெரியும். வெறுமையாகத் தெரிவதை எடுத்துவிடலாம். இல்லாவிட்டால் அது கூமுட்டையாகி, சில சமயம் வெடித்து, நல்ல முட்டைகளையும் நாறடிக்கும்.

பொரித்த குஞ்சுக்கு முதல் வாரம் நொய்யும் உடைத்த கம்பும் போதும், ஆனால் வளர்த்தி கொடுப்பது கரையான். பழைய மண்பானையில் காய்ந்த சாணம், கிழிந்த சாக்கு, வைக்கோல் துண்டு ஆகியவற்றைத் திணித்து, தண்ணீர் தெளித்து, சாயங்காலம் கரையான் நடமாட்டம் உள்ள இடமாகப் பார்த்துக் கவிழ்த்து வைக்க வேண்டும். விடியற்காலையில் தூக்கினால் உள்ளே கரையான் மொய்த்துக் கிடக்கும். வெயில் ஏறினால் மண்ணுக்குள் போய்விடும், அதனால் எழுந்ததும் முதல் வேலை இதுதான். எங்கள் வீட்டில் இது பிள்ளைகளின் பொறுப்பு. பள்ளிக்கூடத்துக்கு எழுப்பினால் எழுந்திருக்காதவர்கள் பானை தூக்க எழுந்துவிடுகிறார்கள். பானையை வீட்டு நிலைப்படியிலிருந்து தள்ளி வைப்பது நல்லது.

காக்கை, பருந்து, கீரி, பெருச்சாளி எல்லாம் உண்டு. பகலில் பஞ்சாரம், இரவில் தரையிலிருந்து இரண்டடி உயர்த்திய கூடு, கீரி நுழையாத சிறுகண் கம்பிவலை. இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது வெள்ளைக்கழிச்சலைப் பற்றி. மாசி, பங்குனி வெயில் ஏறுகிறபோது வரும். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், இறக்கையைத் தொங்கப்போட்டு உறங்கும், சிலது கழுத்தைத் திருகிக்கொள்ளும். இரண்டு மூன்று நாளில் கூடே காலியாகிவிடும். வந்த பிறகு மருந்தில்லை. இந்தியாவில் 1920-களின் இறுதியில் ராணிக்கேத்தில் கண்டதால் ராணிக்கேத் நோய் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டாம் வாரம் இறக்கையில் தடுப்பூசி. கால்நடைத் துறை பிப்ரவரியில் இரண்டு வாரம் ஊர் ஊராக இலவச முகாம் நடத்துகிறது. கோழியெல்லாம் அதிகாலையிலேயே வயலுக்குப் போய்விடும் என்பதால் முகாம் நாளில் கூட்டைத் திறக்காமல் வைத்திருக்க வேண்டும். ஒரு வாரம் முன்பே குடற்புழு மருந்து கொடுத்துவிட்டால் ஊசி நன்றாகப் பிடிக்கும். ஏற்கெனவே சோர்ந்து நிற்கிற கோழிக்குப் போடக்கூடாது.

தஞ்சாவூரில் கால்நடைப் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த புண்ணியமூர்த்தி கோழிக்கும் மாட்டுக்கும் மரபு மூலிகை வைத்தியத்தைப் பரப்பியவர். சீரகம், மிளகு, மஞ்சள், பூண்டு, சின்ன வெங்காயம், கீழாநெல்லி சேர்த்து அரைத்துத் தவிட்டில் பிசைந்து கொடுக்கிற வழக்கம் எங்கள் பக்கம் இப்போது பல வீடுகளில் இருக்கிறது. நாங்களும் கோடையில் கொடுக்கிறோம். ஆனால் ஊசிக்குப் பதிலாக இல்லை, ஊசியோடு சேர்த்து.

பக்கத்துத் தெருவில் கழிச்சல் என்று காதில் விழுந்தால், நம் கோழியை விற்றுக் காசாக்கிவிடுவோம் என்று சந்தைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள்தான் நோயை ஊருக்கு ஊர் பரப்புகிறார்கள். இதை நான் கோபமாகவே சொல்கிறேன். செத்த கோழியை வாய்க்காலில் எறிகிறவர்கள் அதைவிட மோசம். அந்தத் தண்ணீர் அடுத்த ஊர்க் கொல்லைக்குத்தானே போகிறது? குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். சந்தையில் வாங்கிய கோழியை இரண்டு மூன்று வாரம் தனியாக வைத்திருந்து பார்த்த பிறகே கூட்டத்தில் சேர்க்க வேண்டும்.

பெட்டைகளை நாங்கள் விற்பதில்லை. சேவல்கள் வளர வளர ஒன்றையொன்று கொத்தும், கீரைவலையையும் கிழிக்கும். ஒரு கொல்லைக்கு ஒரு சேவலும் ஏழெட்டுப் பெட்டையும் போதும். அதற்கு மேல் போனால் மீன்வலையும் தாங்காது, பக்கத்து வயல் பெரியப்பாவும் தாங்கமாட்டார். குலதெய்வத்துக்கும் அம்மன் கோயிலுக்கும் சேவல் தேடி ஆட்கள் வருவது ஆடியில். தையில் பொரித்த சேவல் ஆடிக்குள் விற்கிற பருவத்துக்கு வந்துவிடும், விலையும் அப்போதுதான் நன்றாகக் கிடைக்கும். "அப்பாயி, வெள்ளக்கால மட்டும் குடுத்துடாதீங்க" என்று சின்னவள் அழுவாள். பிள்ளைகள் பெயர் வைக்கிற சேவலை அவர்கள் பள்ளிக்கூடம் போயிருக்கிறபோது விற்கலாம் என்று என் வீட்டுக்காரர் யோசனை சொன்னார். அத்தை சம்மதிக்கவில்லை. காசை அவள் கையிலேயே வாங்கவைத்து, அதில் புடலை விதையும் அவளுக்கு ஒரு பேனாவும் வாங்கிக் கொடுக்கிறார். இந்த வருஷம் பெயர் வைப்பது பெட்டைக்கு மட்டும் என்று பிள்ளைகளே பேசி முடிவு செய்திருக்கிறார்கள்.