சூட்டிலேயே பார், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

"சேலத்துல இருந்து லோடோட தொப்பூர் மேடு ஏறுனோம். மேல டீக்கடையில நிறுத்துனேன். கால் மணி நேரம்தான். அப்புறம் எடுக்கவே இல்லை. ரெண்டு மணி நேரம் ஆறவிட்டா ஒரே செல்ஃப்ல எடுக்குது." இந்தப் புகாரோடு லாரி வந்தால், ராத்திரி நிறுத்திவைத்துக் காலையில் பார்க்கலாம் என்று மட்டும் சொல்லிவிடாதே. காலையில் அந்த வண்டியில் ஒரு குறையும் இருக்காது. குறை சூட்டில்தான் இருக்கிறது. வண்டி ஆறிவிட்டால் லோடோடு ஒரு மேடு ஏற்றிக் கொண்டுவரச் சொல்; மறுக்கும் நிலையிலேயே அதைப் பிடி.

நான் பம்ப் ரூம்காரன். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்துப் பட்டறைகளில் கழற்றிய பம்புகள் என் மேசைக்கு வருகின்றன. அவற்றில் பல, கழற்றியிருக்கவே வேண்டாத நல்ல பம்புகள். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில், சூடு என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொள். இன்ஜினை நிறுத்தியதும் ஃபேன் நிற்கிறது, ரேடியேட்டர் தண்ணீரின் ஓட்டம் நிற்கிறது, பம்பைக் குளிர்விக்கும் டீசலின் ஓட்டமும் நிற்கிறது. பிளாக்கில் தேங்கிய சூடு பம்புக்கும் செல்ஃப் மோட்டாருக்கும் ஏறுகிறது. நிறுத்திய உடனே எடுக்கும் வண்டி கால் மணி கழித்து மறுப்பது இதனால்தான். அந்தச் சூட்டில் டீசல் இளகிப்போகும். 40 டிகிரியில் 2 முதல் 4.5 சென்டிஸ்டோக் இருக்க வேண்டிய பிசுக்கு, 80 டிகிரியில் ஏறக்குறைய பாதியாகிவிடும். செம்புக் கம்பியின் மின்தடையோ ஒரு டிகிரிக்குச் சுமார் 0.4 சதவீதம் ஏறும். 60 டிகிரி கூடினால் கிட்டத்தட்ட கால் பங்கு அதிகம். சூட்டில் மறுக்கும் வண்டிகளில் பெரும்பாலானவற்றை இந்த இரண்டுக்குள் அடக்கிவிடலாம்.

ஸ்பானரைத் தொடுவதற்கு முன் செல்ஃப் அடிக்கச் சொல்லிக் காதால் கேள். காலையில் சுற்றும் வேகத்தில் சுற்றுகிறதா, இழுத்து இழுத்துச் சுற்றுகிறதா? இழுத்தால் டீசல் பக்கம் போகவே வேண்டாம். செல்ஃப் சுற்றும்போது பேட்டரியில் மீட்டரை வை; 24 வோல்ட் வண்டியில் 19-க்குக் கீழே விழுந்தால் முதலில் பேட்டரியைச் சோதி. அது சரியென்றால் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் போஸ்டிலும் மறு முனையை செல்ஃப் பாடியிலும் வைத்து மறுபடி அடி. அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிளில் கோளாறு. பாசிட்டிவ் பக்கமும் அப்படியே பார். கேபிளை மாற்றினால் தீரும் வேலைக்குப் பம்பைக் கழற்றியவர்கள் இருக்கிறார்கள். கேபிள்கள் சரியாக இருந்தும் சூட்டில் மட்டும் இழுத்தால், செல்ஃபைக் கழற்றி புஷ், ஆர்மேச்சர், கார்பன் பார்க்க வேண்டியதுதான்.

வேகம் சரி என்றால் சைலன்சரைப் பார். சுற்றும்போது வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை. கம்ப்ரஷன், டைமிங் பக்கம் யோசி. புகையே இல்லை என்றால் டீசல் போகவில்லை. சூட்டில் மறுக்கும் வண்டிகளில் நான் கேட்கும் பதில் பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான்.

ரோட்டரி பம்ப் வண்டியில் புகை இல்லையா? எல்லோரும் உடனே பம்பின் மேல் ஊற்றத் தண்ணீர்க் குடத்தைத் தேடுவார்கள். பொறு. ஸ்டாப் சோலினாய்டு பம்ப் ஹெட்டிலேயேதான் உட்கார்ந்திருக்கும். தண்ணீர் பட்டால் அதுவும் சேர்ந்து ஆறும். வண்டி எடுத்துவிட்டால் குறை பம்பிலா சோலினாய்டிலா என்று உனக்குத் தெரியாமல் போகும். அதனால் சூட்டிலேயே அதன் ஒயரைக் கழற்றி, பேட்டரி பாசிட்டிவிலிருந்து நேராகத் தொட்டுப் பார். 'டக்' என்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் பெரும்பாலும் உள்ளே காயில் சூட்டில் அறுந்து, ஆறினால் ஒட்டிக்கொள்கிறது. நேர் கரண்டில் சத்தம் வந்து வண்டியும் எடுத்தால், சாவியிலிருந்து வரும் ஒயரையும் ரிலேயையும் தேடு.

அதற்கடுத்தது உறிஞ்சும் பக்கம். டேங்கிலிருந்து வரும் லைனில் ஒரு அடி கண்ணாடி ஹோஸைப் போட்டுவிட்டால் ஏர் பிடிக்கிறதா என்பது கண்ணுக்கே தெரியும். பழைய ரப்பர் ஹோஸ் சூட்டில் இளகி ஏர் இழுக்கும். ஹேண்ட் பிரைமரை நாலு தரம் அழுத்தியதும் வண்டி எடுத்தால் பம்பின் மேல் பழி போடாதே.

இவ்வளவும் சரியாக இருந்தால்தான் ஈரத்துணி. பழைய சாக்குத் துணியை நனைத்து, நாசில் பைப்புகள் புறப்படும் ஹெட் பகுதியில் சுற்று. காய்ந்தால் மறுபடி நனை. பத்து நிமிடம் கழித்து செல்ஃப் அடி. எடுத்துவிட்டால் ஹெட்டும் ரோட்டரும் தேய்ந்துவிட்டன. இளகிய டீசல் அந்த இடைவெளியில் கசிந்து, செல்ஃப் சுற்றும் மெதுவான வேகத்தில் நாசிலைத் திறக்கும் அழுத்தம் ஏறுவதில்லை. ஓடும்போது கசிய நேரமில்லாததால் இழுவை நன்றாகவே இருக்கும். "ரோட்டுல சூப்பரா இழுக்குதே" என்று டிரைவர் சொல்வதை நம்பிப் பம்பை விட்டுவிடாதே. குடத்துத் தண்ணீரை மட்டும் ஒருபோதும் ஊற்றாதே. ஹெட் சட்டென்று சுருங்கி ரோட்டர் பிடித்துக்கொள்ளலாம். தினமும் தண்ணீர் ஊற்றி ஓட்டும் டிரைவரிடம் இதைக் கண்டிப்பாகச் சொல். தண்ணீர் ஊற்றி ஓட்டினாலும் ஹெட்டின் தேய்மானம் மேலும் கூடத்தான் செய்யும். மண்ணெண்ணெய் கலந்த டீசல் அடித்த வண்டியா என்றும் கேள். ரோட்டரி பம்புக்கு உள்ளே டீசலைத் தவிர வேறு லூப்ரிகேஷன் கிடையாது.

பிஎஸ்-6 லாரி என்றால் பெரும்பாலும் காமன் ரயில். பிஎஸ்-4 என்றால் எந்தப் பம்ப் என்று முதலில் பார்த்துக்கொள். அசோக் லேலண்டின் ஐஇஜிஆர் வண்டிகள் இன்லைன் பம்போடுதான் வந்தன. காமன் ரயிலில் பழைய பழக்கப்படி நாசில் பைப்பை லூஸ் செய்யக் கூடாது. ஓடும் இன்ஜினில் 1,600 பாருக்கும் மேல் அழுத்தம் ஏறக்கூடும். அந்த டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், விரலையே எடுக்க வேண்டிவரலாம். ஸ்கேனரை மாட்டி, செல்ஃப் சுற்றும்போது இரண்டே எண்களைப் பார். ஆர்பிஎம் பூஜ்யம் என்றால் கிராங்க் சென்சாரையும் அதன் ஒயரையும் சந்தேகி. ஆர்பிஎம் வந்தும் ரயில் அழுத்தம் 200 பாரைத் தாண்டவில்லை என்றால் பெரும்பாலும் எங்கோ கசிவு. ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்னுக்கும் ஒரு பாட்டில் வைத்து, சூட்டிலேயே, எது சீக்கிரம் நிறைகிறது என்று பார்.

இனி நான் உன்னிடம் கேட்பது ஒன்று. எங்கள் டெஸ்ட் பெஞ்சில் சோதனை எண்ணெய் 40 டிகிரியில் ஓடுகிறது. உன் வண்டியில் மறுத்தபோது பம்ப் 80 டிகிரியில் இருந்திருக்கலாம். தேய்ந்த பம்பும் பெஞ்சில் 1,000 சுற்றில் பாஸாகிவிடும். சூட்டில் மறுக்கும் வண்டியின் பம்ப் என்று தெரிந்தால்தான் 100 சுற்றில் ஸ்டார்ட்டிங் டெலிவரியைத் தனியாகப் பார்ப்போம். அதனால் பம்பைக் கழற்றி அனுப்பும்போது கூடவே ஒரு சீட்டு கட்டி அனுப்பு. நிறுத்தி எத்தனை நிமிடத்தில் மறுக்கிறது, செல்ஃப் வேகம் எப்படி, புகை வந்ததா, சோலினாய்டு சத்தம் கேட்டதா, ஈரத்துணிக்கு எடுத்ததா என்பதை எழுது. பல வண்டிகள் கடன் தவணையில் ஓடுகின்றன. ஓனருக்கு இரண்டாவது முறை பம்ப் கழற்றும் செலவை நாம் வைக்கக் கூடாது. சீட்டில்லாமல் பம்ப் அனுப்பாதே, தம்பி.

அன்புடன்,
உன் பம்ப் ரூம் அண்ணன்